பாலையில் ஒலித்த யாழ்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். சங்கப் பாக்களும் சிலம்பும் கம்பனும் பாரதியும் இருக்க, அமெரிக்காவில் உருவான ஒரு கார்ட்டூன் படத்தின் பின்னணி இசையைப் பற்றி இலக்கிய மேடையில் என்ன பேச இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. அதற்கு என்னிடம் இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துப் பெருமை பேசும் நாம் பெரும்பாலும் இயல் ஒன்றோடு நின்றுவிடுகிறோம். சொல்லில்லாத இடத்தில் பொருள் எவ்வாறு பிறக்கிறது என்பதை இசையிடமிருந்து கவிஞன் கற்க வேண்டியது மிகுதி. இரண்டாவது, இவ்வட்டத்தின் கூட்டங்களில் பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. மரபா, புதுமையா என்பது அது. அண்மைக் காலத்தில் அதனோடு ஓர் அச்சமும் சேர்ந்துகொண்டது. கட்டளையிட்டால் கணிப்பொறியே வெண்பா யாத்துத் தருகிற காலம் வந்துவிட்டது; இனிக் கவிஞனுக்கு என்ன வேலை என்னும் அச்சம். இந்த வழக்கையும் அச்சத்தையும் நேருக்கு நேர் நின்று பேசினால் சூடு பிறக்கிறதே தவிர ஒளி பிறப்பதில்லை. வேறொரு கலையின் வழியாகச் சுற்றிச் சென்று பார்த்தால் சிலவேளை தெளிவு கிட்டும். அந்த நோக்கத்தோடு ‘வால்-ஈ’ என்னும் படத்தின் இசையை உங்கள் முன் வைக்கிறேன்.

படமும் கதையும்

‘வால்-ஈ’ 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. பிக்சார் நிறுவனத்தின் படைப்பு. இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். இசை தாமஸ் நியூமன். இவ்விருவரும் ‘ஃபைண்டிங் நீமோ’ என்னும் 2003ஆம் ஆண்டுப் படத்தில் முன்னரே இணைந்து பணியாற்றியவர்கள்.

கதையைச் சுருங்கச் சொல்கிறேன். குப்பையால் மூடப்பட்டு வாழத் தகுதியற்றுப் போன பூமியை விட்டு மனிதர்கள் ஆக்சியம் என்னும் பெருங்கப்பலில் ஏறி விண்வெளிக்குப் போய்விட்டனர். ஏழு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. பூமியில் எஞ்சியிருப்பது குப்பையை அள்ளிச் சதுரக் கட்டிகளாக அழுத்தி அடுக்கும் சிறு எந்திரம் ஒன்றும், அதற்குத் துணையாக ஒரு கரப்பான்பூச்சியும்தான். அந்த எந்திரத்தின் பெயரே வால்-ஈ. அது குப்பையில் கண்டெடுத்த பழைய ஒளிநாடா ஒன்றில் ‘ஹலோ, டாலி!’ என்னும் இசைப்படத்தின் காட்சிகளை நாள்தோறும் பார்க்கிறது. அதில் ஒரு காதல் இணை கைகோத்து நிற்கும் காட்சியைக் கண்டு, தன் இரும்புக் கைகளைத் தானே கோத்துப் பார்க்கிறது. பின்னர்த் தாவர உயிர் ஏதேனும் உண்டா எனத் தேடிவரும் ஈவ் என்னும் வெண்ணிற எந்திரத்தின்மேல் அதற்குக் காதல் பிறக்கிறது. அவளைத் தொடர்ந்து விண்வெளிக்குச் செல்கிறது. முடிவில் மனிதரை மீண்டும் மண்ணுக்குக் கொண்டுவருகிறது.

நம் திணைமரபு அறிந்தவர்க்கு இந்தப் பூமி எது என்று சொல்ல வேண்டுவதில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதை அறிவோம். அங்கே அதற்குக் காரணம் வெயில். இங்கே காரணம் மனிதனின் பேராசை. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. மண்ணைப் பிரிந்த மனிதர், துணையைப் பிரிந்த எந்திரம் என இரு பிரிவுகள் இப்படத்தில் பின்னிக் கிடக்கின்றன. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும்போது பறையையும் யாழையும் சேர்த்தார் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கே உரிய ஒலி உண்டு என்னும் நுட்பமான உணர்வு அது. அவ்வாறாயின், மனிதன் விட்டுப்போன நிலத்துக்கு உரிய ஒலி எது? தாமஸ் நியூமன் முன் நின்ற வினா இதுவே.

விண்வெளியின் இசை: ஒரு பழைய வழக்கு

விண்வெளிப் படங்களின் இசையில் ஏறத்தாழ அறுபதாண்டு வழக்கு ஒன்று இருந்தது. அதனைச் சற்றே நோக்குவோம்.

1951ஆம் ஆண்டில் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ என்னும் படத்துக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன், வழக்கமான வயலின் கூட்டத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு தெரமின் கருவிகளைப் பயன்படுத்தினார். தெரமின் என்பது தொடாமலே வாசிக்கப்படும் மின்கருவி. கைகளைக் காற்றில் அசைத்தால் ஒலி ஏறும், இறங்கும். அன்று முதல் வேற்றுக்கோள் என்றால் அந்த ஊளையொலி என்றாயிற்று. 1956இல் ‘ஃபர்பிட்டன் பிளானெட்’ என்னும் படத்துக்கு லூயி பேரன், பீபி பேரன் என்னும் இணையர் முழுவதும் மின்னணு ஒலிகளாலேயே பின்னணி அமைத்தனர். தாமே மின்சுற்றுகளைக் கட்டி, அவை அளவுக்கு மேல் சூடேறிக் கருகும் வரை ஒலிக்கவிட்டு, அந்த ஒலிகளை நாடாவில் பதிந்தனர். இசைக்கலைஞர் சங்கத்தாரோடு வழக்கு வரலாம் என்று அஞ்சி, படத்தின் எழுத்துக் குறிப்பில் ‘இசை’ என்ற சொல்லையே தவிர்த்து ‘மின்னணுத் தொனிகள்’ என்று போட்டார்கள். ஓசையா இசையா என்ற அந்தச் சச்சரவு, வசனமா கவிதையா என்று நம்மவர் புதுக்கவிதை மீது தொடுத்த வழக்கை எனக்கு நினைவூட்டுகிறது.

1968இல் ஸ்டான்லி குப்ரிக் வேறு வழி சென்றார். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்துக்கென அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஒதுக்கிவிட்டு, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி முதலியோர் முன்னரே இயற்றிய படைப்புகளை எடுத்துவைத்தார். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் இலண்டன் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு பேரிசை படைத்தார். அதன்பின் விண்வெளி வீரசாகசம் என்றாலே முழங்கும் பித்தளைக் குழல்கள் என்பது வாய்பாடாயிற்று.

இந்த வரலாற்றில் உள்ளோடும் எண்ணம் ஒன்று உண்டு. சிம்பொனி என்றால் மனிதன், வீடு, வீரம். மின்னணு ஒலி என்றால் அயலான், எந்திரம், அச்சம். ‘வால்-ஈ’ இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. இப்படத்தில் நெஞ்சை உருக்கும் தந்திக் கருவிகள் எந்திரங்களுக்காக ஒலிக்கின்றன. உணர்ச்சியற்ற வாய்பாட்டு இசை மனிதர்களுக்காக ஒலிக்கிறது. படத்தின் கருத்து முழுவதும் இந்த ஒரு மாற்றத்துக்குள் அடங்கும்.

பேசாத நாயகனும் பேசும் ஓசைகளும்

படத்தின் முதற்பகுதியில் உரையாடல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. நாயகன் தன் பெயரையும் நாயகியின் பெயரையும் இன்னும் சில சொற்களையும் தவிர வேறு பேசுவதில்லை. அவன் குரலைப் படைத்தவர் ஒலிவடிவமைப்பாளர் பென் பர்ட். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் சிறு எந்திரனுக்குச் சீழ்க்கையும் சிணுங்கலுமாகக் குரல் தந்தவர் இவரே.

பர்ட் இப்படத்துக்காக உருவாக்கிய ஒலிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றில் சில எவ்வாறு பிறந்தன என்று கேட்டால் கவிஞர்கள் மகிழ்வீர்கள். வால்-ஈ நகரும் ஒலி, கையால் சுழற்றி மின்சாரம் எடுக்கும் பழைய இராணுவக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது. பாழ்நிலத்தின் புயற்காற்று, கனத்த கித்தான் பையைத் தரைவிரிப்பின்மேல் இழுத்தோடிப் பெற்றது. ஈவ் வெடிக்கும் ஒளிக்கதிரின் ஒலி, குழந்தைகள் விளையாடும் சுருள்கம்பியைத் தொங்கவிட்டுத் தட்டியது. கப்பலின் தானியங்கி மாலுமிக்கு மட்டும் மனிதக் குரல் இல்லை. ஆப்பிள் கணிப்பொறியின் பேச்சு மென்பொருளே அதற்குக் குரல். படத்தில் தீமையின் உருவாக நிற்பது அந்த ஒன்றுதான்.

ஒப்பிட்டுப் பாருங்கள். நாயகனும் எந்திரன், எதிரியும் எந்திரன். ஒருவன் ஒலி, மனிதக் கை சுழற்றிய பழங்கருவியிலிருந்தும் மனிதத் தொண்டையிலிருந்தும் வருகிறது. மற்றவன் ஒலி, கை படாத மென்பொருளிலிருந்து வருகிறது. கேட்போர்க்கு இந்த உண்மை தெரியாது. ஆயினும் செவி அதனை உணர்ந்துகொள்கிறது. பாட்டில் உழைத்த சொல்லுக்கும் உழையாத சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை வாசகன் எவ்வாறு உணர்கிறானோ, அவ்வாறே.

ஓசைகளே உரையாடலாக இருக்கும் படத்தில் இசையமைப்பாளனின் நிலை இக்கட்டானது. அவன் வாய் திறந்தால் நாயகனின் பேச்சு அமுங்கிப்போகும். வாய் மூடினால் நெஞ்சம் வறண்டுபோகும். நியூமன் இதற்குக் கண்ட வழி, இசையை ஓசைக்கு அருகே கொண்டுசென்றதாகும். அவர் நெடுங்காலமாகவே சிறுகருவிகளில் ஈடுபாடு உடையவர். 1999இல் வெளிவந்த ‘அமெரிக்கன் பியூட்டி’ படத்தில் மரக்கட்டைக் கருவிகளையும் தட்டுக்கருவிகளையும் முன்னிறுத்திப் புதிய ஒலிநடை ஒன்றைக் கொணர்ந்தார். நம்பிக்கைக்குரிய சில கலைஞர்களோடு அமர்ந்து மீட்டியும் தட்டியும் ஊதியும் பதிந்த ஒலிகளை மின்னணு முறையில் உருமாற்றி, அவற்றின்மேல் பெரிய இசைக்குழுவைப் படரவிடுவது அவர் வழக்கம். அதனால் எது தந்தி, எது மின்னணு என்று பிரித்துச் சொல்ல இயலாத ஒரு நெசவு கிடைக்கிறது. ஊடும் பாவும் தனித்தனியே தெரியாமல் துணி மட்டும் தெரிவது நல்ல நெசவாளியின் அடையாளம் அன்றோ?

இசைத்தட்டில் முப்பத்தெட்டுத் துண்டுகள் உள்ளன. பல ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மட்டுமே. ஒரு பேரிசையாக வளர்ந்து முழங்கும் வாய்ப்பை அவர் பலவிடங்களில் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார். ஓர் எந்திரம் தலையைத் திருப்பும் நேரத்துக்கு ஓர் இசை. அது கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு நிறுத்தம். அளவறிந்து பேசுதல் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கேட்டதில்லை.

பழைய பாட்டும் குடும்ப மரபும்

இனி, நம் வட்டத்தின் வழக்குக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதிக்கு வருகிறேன்.

படம் தொடங்கும்போது திரையில் தெரிவது விண்மீன் கூட்டம். காதில் விழுவதோ நியூமனின் இசை அன்று. ‘ஹலோ, டாலி!’ படத்தின் துள்ளலான பாட்டு. ஜெர்ரி ஹெர்மன் இயற்றியது. ஞாயிற்றுக்கிழமைக்குரிய நல்லாடை உடுத்தி நகரம் காணப் புறப்படும் இளைஞர் பாடும் பாட்டு அது. அந்த மகிழ்ச்சிப் பாட்டோடு கேமரா பூமியை நெருங்க நெருங்க, குப்பைக் கோபுரங்கள் தெரிகின்றன. பாட்டு மங்கிச் சிறு எந்திரத்தின் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் மெல்லொலியாகச் சுருங்குகிறது. அதன்பின்னரே புதிய இசை மெதுவாக எழுகிறது. மகிழ்ச்சியான சொற்களைக் கொண்டே அவலத்தை உணர்த்தும் இந்த முறையை நம் இலக்கண ஆசிரியர்கள் கண்டிருந்தால் இறைச்சி என்றோ உள்ளுறை என்றோ பெயரிட்டிருப்பார்கள்.

இதில் வேறொரு செய்தியும் மறைந்துள்ளது. 1969ஆம் ஆண்டின் ‘ஹலோ, டாலி!’ திரைப்படத்துக்கு இசையைத் திரைக்கேற்ப அமைத்தவர்கள் லென்னி ஹேட்டனும் லயனல் நியூமனும். அதற்காக அவ்விருவருக்கும் 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆஸ்கார் விருது கிடைத்தது. லயனல் நியூமன் வேறு யாருமல்லர். தாமஸ் நியூமனின் சிற்றப்பா. தாமஸின் தந்தையோ ஹாலிவுட் இசையின் பெருந்தூண்களில் ஒருவரான ஆல்ஃபிரட் நியூமன். ஒன்பது ஆஸ்கார் விருதுகள் பெற்றவர். அவர் 1970ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தபோது தாமஸுக்கு வயது பதினான்கு.

அந்தப் பதினான்கு வயதுச் சிறுவன் ஐம்பதைக் கடந்தபின் ஒரு படத்துக்கு இசையமைக்க அமர்கிறான். அந்தப் படத்தின் இதயத்தில் அவனுடைய சிற்றப்பா வடிவமைத்த இசை இருக்கிறது. இந்த அமைப்பு தற்செயலாக நேர்ந்தது. பழைய பாடல்களைத் தேர்ந்தவர் இயக்குநர் ஸ்டான்டன். தம் பள்ளிப் பருவத்தில் அந்நாடகத்தில் நடித்தவர் அவர். ஆயினும் தற்செயலாக வாய்த்ததை நியூமன் கையாண்ட முறை தற்செயலானது அன்று. அவருக்கு மூன்று வழிகள் இருந்தன. மூத்தோரின் நடையையே பின்பற்றி எழுதி, பழையதும் புதியதும் ஒன்றெனத் தோன்றச் செய்யலாம். முற்றிலும் மாறாக எழுதி, பழையதைக் கேலிப்பொருளாக்கலாம். மூன்றாவது, பழையதைப் பழையதாகவே நிற்கவிட்டு, தம் குரலில் தாம் பேசி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பணிந்து வழிவிடலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார்.

படத்தின் இறுதியைப் பாருங்கள். நொறுங்கிப்போன வால்-ஈயை ஈவ் பழுது நீக்குகிறாள். அவன் எழுகிறான். ஆனால் நினைவில்லை. வெறும் குப்பை அள்ளும் எந்திரமாகவே எழுகிறான். அவன் கையைப் பற்றிக்கொண்டு அவள் பழைய காதற்பாட்டின் மெட்டை முணுமுணுக்கிறாள். விரல்கள் மெல்ல இறுகுகின்றன. நினைவு திரும்புகிறது. பெரும் இசைக்குழுவைக் கையில் வைத்திருக்கும் இசையமைப்பாளன் இந்த உச்சியில் தன் ஆற்றல் முழுவதையும் காட்ட விரும்புவது இயல்பு. நியூமனோ ஓர் எந்திரத்தின் தடுமாறும் முணுமுணுப்புக்கும், நாற்பதாண்டுப் பழமையான பாட்டுக்கும் இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறார்.

மரபு என்பது யாது என்று இவ்வட்டத்தில் பலமுறை கேட்கப்பட்டது. என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது: நினைவிழந்தவனை மீட்கக்கூடியதாக எஞ்சி நிற்கும் மெட்டே மரபு. அதனைப் பெட்டியில் பூட்டிவைத்தால் பயனில்லை. யாரேனும் ஒருவர், தம் குரல் எவ்வளவு கரகரப்பானதாயினும், அதைத் தாமே முணுமுணுக்க வேண்டும்.

ஆடல் என்பதன் இலக்கணம்

இப்படத்தின் இசையில் மிகவும் புகழ்பெற்ற பகுதி, வால்-ஈயும் ஈவும் கப்பலுக்கு வெளியே விண்வெளியில் ஆடும் காட்சிக்குரியது. பறக்கும் ஆற்றல் வால்-ஈக்கு இல்லை. ஒரு தீயணைப்புக் கருவியை அணைத்துப் பிடித்து, அது பீய்ச்சும் வெண்புகையின் விசையால் அவன் சுழல்கிறான். ஈவ் நீலச் சுடர் விட்டு அவனைச் சுற்றிவருகிறாள்.

இவ்விசையை நியூமனும் ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியலும் சேர்ந்து அமைத்தனர். ஹார்ப் என்னும் பெருயாழின் ஒழுகும் ஒலியும் மின்னணுத் துடிப்பும் அடித்தளம். அதன்மேல் வயலின்கள் அலையலையாக விரிகின்றன. மேனாட்டு ஹார்ப்பும் நம் பழைய யாழும் உறவுடையவை என்பதை விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ கற்றவர்க்கு விரித்துரைக்க வேண்டா. வில்லின் நாணிலிருந்து பிறந்த கருவி, உயிரற்ற வெளியில் இரண்டு எந்திரங்களுக்காக மீட்டப்படுகிறது. பாலை என்ற சொல் வறண்ட நிலத்தையும் குறிக்கும். செம்பாலை முதலாக ஏழு பெரும்பாலை என இசையின் ஏழுவகைச் சுரவரிசைகளையும் குறிக்கும். இரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது ஏன் என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுகிறேன். இந்தக் காட்சியைக் காணும்போதெல்லாம் எனக்கு அச்சொல்லே நினைவில் எழுகிறது.

இத்துண்டின் பெயர் ‘ஆடல் என்பதை வரையறு’ என்னும் பொருள் தருவது. கப்பலின் தலைவன், பூமியைப் பற்றி ஒவ்வொரு சொல்லாகக் கணிப்பொறியிடம் கேட்டுவருகிறான். கடல் என்றால் என்ன, ஆடல் என்றால் என்ன என்று கேட்கிறான். கணிப்பொறி பிழையின்றி விடை சொல்கிறது. இருவர் இசையின் வேகத்துக்கும் தாளத்துக்கும் இயைந்து அசைவது என்று அது கூறும் இலக்கணத்தில் குற்றம் காண்பதற்கில்லை. அதே நேரத்தில் வெளியே, எந்த இலக்கணமும் கல்லாத இருவர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே தம் கண்முன் உள்ள சிறு திரையையே பார்த்துப் பழகிய மனிதப் பெண் ஒருத்தி, சாளரம் வழியே அந்த ஆடலைக் காண்கிறாள். அருகிலுள்ள ஆடவனை அழைத்துக் காட்டுகிறாள். அவர்கள் கைகள் தற்செயலாகத் தொட்டுக்கொள்கின்றன.

கணிப்பொறி கவிதை எழுதினால் என் செய்வது என்று அஞ்சும் இளம் கவிஞர்கள் இக்காட்சியைக் கண்டு சிந்திக்க வேண்டும். இலக்கணம் வழுவாத விடையைத் தருவது கணிப்பொறிக்கு எளிது. அந்த விடையால் எவர் கையும் எவர் கையையும் தொடவில்லை. எனினும் ஒரு நுட்பம் உண்டு. ஆடுபவர்களும் எந்திரங்களே, அவர்களுக்கான இசையில் பாதி மின்னணு ஒலியே. ஆகவே எந்திரத்தைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. வேறுபாடு கருவியில் இல்லை. தேவை இருக்கிறதா என்பதில் இருக்கிறது. ஈவை அடைய வேண்டும் என்ற தேவை வால்-ஈக்கு இருந்தது. தீயணைப்புக் கருவியும் அவனுக்குச் சிறகாயிற்று.

தாலாட்டும் இசை, தட்டி எழுப்பும் இசை

ஆக்சியம் கப்பலில் மனிதர் எவரும் நடப்பதில்லை. மிதக்கும் நாற்காலியில் சாய்ந்தபடியே உண்டு, பேசி, உறங்கிக் காலம் கழிக்கிறார்கள். அவர்களுக்காக நியூமன் எழுதிய இசை, விடுதி முற்றங்களிலும் கடைத்தெருக்களிலும் மின்தூக்கியிலும் ஓயாது கசியும் மென்னிசையைப் போன்றது. இனிமையானது, வழவழப்பானது, ஓரிடத்திலும் உறுத்தாதது. வெப்பம் இதமாக இருக்கிறது, வானம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லும் பெயரையே அவர் ஒரு துண்டுக்கு இட்டிருக்கிறார். கப்பலை நடத்தும் வணிக நிறுவனத்துக்கென ஒரு விளம்பர மெட்டும் உண்டு.

இந்த இசையில் தொழில்நுட்பக் குறை எதுவுமில்லை. கேட்பவனிடம் அது எதையும் கேட்பதில்லை என்பதே அதன் குறை. ஏழு நூற்றாண்டுகளாக மனிதரை நாற்காலியில் கிடத்தி வைத்திருப்பதில் அவ்விசைக்கும் பங்குண்டு என்று இசையமைப்பாளர் நகைச்சுவையோடு குற்றம் சாட்டுகிறார்.

பின்னர்க் கப்பலின் தலைவன் தானியங்கி மாலுமியை எதிர்த்து, வாழ்வில் முதன்முறையாகத் தன் கால்களில் எழுந்து நிற்கிறான். அப்போது ஒலிப்பது, குப்ரிக் தம் படத்தில் மனித இனத்தின் விழிப்புக்காக எடுத்தாண்ட ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் அதே முழக்கம். அரங்கம் சிரிக்கிறது. சிரிப்பினூடே ஓர் உண்மை தைக்கிறது. அங்கே குரங்கு மனிதனாயிற்று. இங்கே மனிதன் மீண்டும் மனிதனாகிறான். பழைய படைப்பின் ஒரு வரியை எடுத்துப் புதுப்பொருள் தோன்ற வைக்கும் வித்தையில் நம் தனிப்பாடல் புலவர்களுக்கு நிகரானது இவ்விடம்.

அன்பர்களே, சற்றே உரிமை எடுத்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். பத்தாண்டுகளாக நாம் கூடுகிறோம். கவிதை படிக்கிறோம். கைதட்டுகிறோம். அவற்றுள் எத்தனை நம்மை எழுந்து நிற்கச் செய்தன, எத்தனை நாற்காலியில் இன்னும் சற்றுச் சாய்ந்துகொள்ளச் செய்தன என்று நாம் கணக்கெடுக்க வேண்டும். யாப்பு பிழையாத பாராட்டுப் பாவும் அந்த மென்னிசையாகலாம். வரியை மடித்து எழுதிய சோக வசனமும் அந்த மென்னிசையாகலாம். மரபென்றும் புதிதென்றும் நாம் போட்டுக்கொண்ட வேலிக்கு இரு புறத்திலும் அது கசிந்துகொண்டுதான் இருக்கிறது.

2009ஆம் ஆண்டு ஆஸ்கார் மேடை

தமிழராகிய நமக்கு இப்படத்தோடு ஓர் உறவும் உண்டு. 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் நடந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த பின்னணி இசைக்கும் சிறந்த பாடலுக்கும் ‘வால்-ஈ’ பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அவ்விரண்டு விருதுகளையும் வென்றவர் நம் ஏ.ஆர்.ரகுமான். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக அவற்றைப் பெற்று, அம்மேடையில் தமிழில் இறைவனுக்குப் புகழ் கூறினார். நாடே கொண்டாடியது, கொண்டாடத் தக்கதே. அந்த ஆரவாரத்தில், போட்டியில் நின்ற மற்ற இசை என்ன என்று நாம் கேட்டுப் பார்க்கவில்லை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருது மட்டும் ‘வால்-ஈ’க்குக் கிடைத்தது. அதே மாதத்தில் கிராமி விழாவில் ஆடற்காட்சியின் இசையமைப்புக்கும், படத்தின் இறுதிப் பாட்டுக்கும் விருதுகள் கிடைத்தன.

அவ்விறுதிப் பாட்டைப் பாடியவர் கேப்ரியல். உடன் பாடியது தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோ காஸ்பெல் குழு. ஆஸ்கார் மேடையில் அப்பாட்டை ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான அளவுக்கு வெட்டிக் கதம்பமாகப் பாட வேண்டும் என்றபோது, கேப்ரியல் பாட மறுத்துவிட்டார். உறுப்பு குறைந்த பாவை அரங்கேற்ற ஒப்பாத புலவன் எந்நாட்டிலும் உண்டு போலும்.

ரகுமானையும் நியூமனையும் எதிரெதிராக நிறுத்துவது வீண். இருவரும் ஒரே கேள்விக்கு விடை தேடியவர்கள். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது, கணிப்பொறியில் கோத்த இசைக்கு உயிர் உண்டா என்று தமிழ்நாட்டில் எழுந்த வாதம் உங்களுள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். உயிர் கருவியில் இல்லை, கையாள்பவன் நெஞ்சில் இருக்கிறது என்று காலம் விடை சொல்லிற்று.

நிறைவாக

படம் முடிந்தபின் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. அதுவே ஒரு தனிப் படைப்பு. மண்ணுக்குத் திரும்பிய மனிதரும் எந்திரங்களும் சேர்ந்து உழுது, கிணறு தோண்டி, ஊர் அமைக்கும் காட்சிகள் முதலில் குகை ஓவியமாக வருகின்றன. பின்னர் எகிப்தியச் சுவரோவியம், பதிகற்சித்திரம், வான்கோவின் தூரிகைத் தடம் என ஓவியக்கலையின் வரலாறு வரிசையாக நகர்கிறது. கடைசியில் பழைய கணிப்பொறி விளையாட்டுகளில் வரும் சதுரப்புள்ளிச் சித்திரங்களில் வந்து நிற்கிறது. இவை அனைத்துக்கும் பின்னே மனிதக் குரல்களின் கூட்டுப்பாடலும், இசைக்குழுவும், மின்னணு ஒலியும் தொடர்ந்து ஒலிக்கின்றன. குகைச்சுவரின் கரிக்கோடும் கணிப்பொறியின் புள்ளியும் ஒரே கையின் தொடர்ச்சியே என்று சொல்லாமல் சொல்கிறது அந்த வரிசை.

நம் வட்டம் இரண்டாம் பத்தாண்டில் காலடி வைக்கிறது. இனிவரும் கூட்டங்களில் ஒரு கவிதையை எடுத்துக்கொள்ளும்போது, இது மரபா புதிதா என்று முதலில் கேளாதிருப்போம். கையால் எழுதியதா, பொறியால் வந்ததா என்ற கேள்வியையும் சற்றுப் பொறுத்தே கேட்போம். இது யாரை அடைய விரும்பி எழுந்தது என்று முதலில் கேட்போம். எந்த இடத்தில் பேசாமல் விட்டது என்று அடுத்துக் கேட்போம். கேட்டவன் இருக்கையிலிருந்து எழுந்தானா என்று இறுதியாகக் கேட்போம். இந்த மூன்று கேள்விகளுக்கும் நின்று விடை சொல்லும் பாட்டு வெண்பாவாயினும் சரி, வசனமாயினும் சரி, அதனை நம் பாட்டென்று ஏற்றுக்கொள்வோம்.

பாலை என்றும் பாலையாகவே கிடப்பதில்லை. ஒரு மழைக்கு முல்லையாகும். அந்த மழை வரும் வரை யாழை நரம்பு தளராமல் வைத்திருப்பதே கவிஞர் கடன்.